‘ரேஸ்’ - ஓடுவதா, இருப்பதா?

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ் நிகழ்ச்சியில் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசவா வந்தாய் என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் எடுத்துக்கொண்டிருக்கும் சொல் பாதி தமிழாகி நெடுநாள் ஆகிறது. நம் வீட்டில் புழங்குகிறது, அடையாள அட்டையில் இருக்கிறது, தேக்காவில் ஒரு சாலையின் பெயரிலும் இருக்கிறது. ஆங்கிலத்தில் நான்கு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டே எழுத்து. ரேஸ்.

‘ரேஸ்’ என்றதும் உங்களுக்கு முதலில் என்ன தோன்றியது? இந்த அரங்கிலேயே கேட்டால் பல பதில்கள் வரும். மூத்தவர்களுக்குக் குதிரை நினைவுக்கு வரும். சம்பளத்தைப் பந்தயத்தில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய யாரோ ஓர் உறவினரும் கூடவே நினைவுக்கு வருவார். இளையர்களுக்குக் கார். 2008ஆம் ஆண்டிலிருந்து மரினா பே பகுதியில் இரவில் சீறிப் பாயும் ஃபார்முலா ஒன் கார்கள். பெற்றோருக்குப் பள்ளி. ஜூலை 21ஆம் தேதி இன நல்லிணக்க தினத்துக்குப் பிள்ளைக்கு எந்த உடை உடுத்துவது என்ற கவலை. வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு நினைவுக்கு வரும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே சொல்தான். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு படம் தெரிகிறது.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் பொதுமக்கள் தொடர்புத் துறையில் பட்டயம் படித்தவள். அங்கே முதல் ஆண்டிலேயே எங்களுக்குச் சொன்ன பாடம் ஒன்று உண்டு. கேமராவுக்கு முன்னால் ஒரு சொல்லைச் சொல்வதற்கு முன், அது கேட்பவர் வீட்டில் போய் என்னவாக இறங்கும் என்று யோசி என்பதுதான் அது. ‘ரேஸ்’ அப்படி யோசிக்க வைக்கும் சொல்.

ஒரே வேடத்தில் மூன்று பேர்

முதலில் ஒரு சிறிய செய்தி. ஓடுகிற ‘ரேஸ்’ வேறு, இனத்தைக் குறிக்கும் ‘ரேஸ்’ வேறு. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அவை வெவ்வேறு ஊரிலிருந்து வந்த இரண்டு சொற்கள். வழியில் சந்தித்து, ஒரே உடை உடுத்திக்கொண்டவை.

ஓட்டத்தைக் குறிக்கும் சொல் வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பாய்ந்து ஓடுதல், நீர் விரைந்து ஓடுதல் என்பது அதன் பொருள். இன்றும் மாவு ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலை ஆங்கிலத்தில் ‘மில் ரேஸ்’ என்பார்கள்.

இனத்தைக் குறிக்கும் சொல் 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழி வழியாக வந்தது. அதற்கு முன் இத்தாலிய மொழியில் ‘ராத்ஸா’. அதற்கும் முன் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொந்தீனி என்ற இத்தாலிய அறிஞர் 1959ல் ஒரு விளக்கம் சொன்னார். பழைய பிரெஞ்சில் குதிரை வளர்ப்புப் பண்ணைக்கு ‘ஹராஸ்’ என்று பெயர், அதிலிருந்துதான் இது பிறந்தது என்றார். அந்த விளக்கம் சரியென்றால் வேடிக்கையைப் பாருங்கள். முதலில் குதிரைகளைத்தான் ரகம் பிரித்திருக்கிறார்கள். மனிதர்களைப் பிரித்தது அதற்குப் பிறகு.

மூன்றாவதாக இன்னொரு ‘ரேஸ்’ உண்டு. இது அதிகம் பேருக்குத் தெரியாது. பழைய ஆங்கிலக் கடைக்காரர்கள் ஒரு முழு இஞ்சித் துண்டை ‘ரேஸ் ஆஃப் ஜிஞ்சர்’ என்று சொல்வார்கள். அந்த ‘ரேஸ்’ லத்தீன் மொழியில் வேரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘ஜிஞ்சர்’ எங்கிருந்து வந்தது? அதன் மூலத்தைத் தேடிப் போனால் பாலி, கிரேக்கம், லத்தீன் என்று நீண்ட பயணம் தெரியும். அந்தப் பயணத்தின் தொடக்கத்தில் நிற்பது நம் திராவிட மொழிச் சொல். இஞ்சியும் வேரும் சேர்ந்த ‘இஞ்சிவேர்’. அடுத்த முறை தேக்கா சந்தையில் இஞ்சி வாங்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் ‘ரேஸ்’ என்ற சொல் நம் கைப்பையிலும் இருந்திருக்கிறது, வேர் என்ற பொருளில்.

ஓட்டம், இனம், வேர். மூன்றும் ஒரே ஒலி.

ஒலியை மட்டும் பார்த்து மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2014ல் நகரில் வழிகாட்டிப் பலகை ஒன்றில் லாவ் பா சாட் என்ற பழைய சந்தையின் பெயர் தமிழில் தவறாக வந்தது. கடைசியில் இருக்கும் ‘சாட்’ சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கமாக எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழில் ‘சனி’யாகிவிட்டது. ‘பா சாட்’ என்பது ‘பாசார்’ என்ற மலாய்ச் சொல்லை ஹொக்கியன் நாக்கு சொன்ன விதம். ‘லாவ்’ என்றால் பழையது. பழைய சந்தைக்குச் சனி பிடித்துவிட்டதே என்று சிரித்தோம், கொஞ்சம் வருத்தமும் பட்டோம். பிறகு திருத்தினார்கள்.

இதே கணக்கில் ‘ரேஸ் கோர்ஸ் ரோடு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் என்ன வரும்? ‘இனப் பாடச் சாலை’! கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையின் வரலாற்றைப் பார்த்தால், அந்தத் தவறான பெயரும் அதற்குப் பொருந்தும்போல இருக்கிறது.

ஒரே திடலில் இரண்டு ரேஸ்

லிட்டில் இந்தியா பெருவிரைவு ரயில் நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் ரேஸ் கோர்ஸ் ரோடு. வாழை இலையில் மீன்தலைக் கறி பரிமாறும் உணவகங்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆயிரம் விளக்கு ஆலயம் என்று அழைக்கப்படும் புத்தர் கோயில். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அந்த நடைபாதையில் தமிழும் வங்காளமும் ஒன்றாக ஒலிக்கும்.

1842ல் ஐரோப்பிய வணிகர்கள் சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கி, ஃபேரர் பார்க் வட்டாரத்தில் குதிரைப் பந்தயத் திடல் அமைத்தார்கள். முதல் பந்தயம் 1843 பிப்ரவரியில் நடந்தது. சாலைக்குப் பெயர் அப்படித்தான் வந்தது. 1911 மார்ச்சில் சிங்கப்பூரில் முதன்முதலாக ஒரு விமானம் பறந்ததும் அதே திடலிலிருந்துதான். 1924ல் சங்கத்தின் பெயர் டர்ஃப் கிளப் என்று மாறியது. 1933ல் குதிரைகள் புக்கிட் தீமாவுக்குப் போயின, 1999ல் கிராஞ்சிக்குப் போயின. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயமும் ஓடி முடிந்துவிட்டது. சிங்கப்பூரில் இப்போது குதிரைப் பந்தயம் இல்லை. சாலையின் பெயர் மட்டும் இருக்கிறது.

இது ஓடுகிற ரேஸின் கதை. இனி மற்ற ரேஸுக்கு வருவோம்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரிட்டிஷ் படையில் எல்லாரும் ஒன்றாகப் போரிட்டார்கள், ஒன்றாகச் சரணடைந்தார்கள். சரணடைந்த பிறகு பிரிக்கப்பட்டார்கள். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வீரர்கள் சாங்கிக்கு நடந்தார்கள். இந்திய வீரர்களை ஃபேரர் பார்க் திடலுக்கு வரச் சொன்னார்கள். பிப்ரவரி 17ஆம் தேதி அங்கே 40,000 பேருக்குமேல் திரண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் அவர்களை முறைப்படி ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். பிறகு கேப்டன் மோகன் சிங் பேசினார். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

அந்தத் திடலில் நின்ற வீரர்களின் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நேற்றுவரை பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவன் வேறு பக்கம் நடக்கிறான், நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். காரணம் என் பதவி அல்ல, என் படைப்பிரிவு அல்ல, என் முகம். குதிரைகளை வரிசையில் நிறுத்திய இடத்தில் மனிதர்களை இனவாரியாக நிறுத்தினார்கள். அதே இடத்தில் சிலருக்கு அது ஒப்படைக்கப்பட்ட நாள், சிலருக்கு விடுதலைப் போர் தொடங்கிய நாள். இனம் என்பது ஒருவர் நம்மீது ஒட்டும் சீட்டாகவும் இருக்கலாம், நாமே விரும்பி உயர்த்தும் கொடியாகவும் இருக்கலாம். ஃபேரர் பார்க் இரண்டையும் ஒரே நாளில் பார்த்தது.

இன்னொரு தேதியும் அந்தச் சாலைக்கு உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு. ரேஸ் கோர்ஸ் ரோடும் ஹாம்ப்ஷியர் ரோடும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் பேருந்துக்கு அடியில் சிக்கி மாண்டார். தொடர்ந்து கலவரம் மூண்டது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நாடு அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அன்று இரவு தொலைபேசிகள் ஓயவில்லை. ஆங்கிலத்தில் ‘ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ரயட்’ என்று செய்தி பறந்தது. 1964ஐப் பார்த்த மூத்தவர் ஒருவர் காதில் ‘ரேஸ்’ என்ற சொல்லும் ‘ரயட்’ என்ற சொல்லும் அடுத்தடுத்து விழுந்தால் என்ன நினைப்பார்? 1964 ஜூலை 21ஆம் தேதி தொடங்கிய இனக் கலவரத்தில் 23 பேர் மாண்டார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்தபோது இன்னும் 13 பேர் மாண்டார்கள். அந்த நினைவு இன்னும் ஆறாத தலைமுறை நம் வீடுகளில் இருக்கிறது. ஆனால் 2013ல் நடந்தது இனக் கலவரம் அல்ல. விபத்தையும் அதன்பின் நடந்த மீட்புப் பணியையும் தவறாகப் புரிந்துகொண்டதும் மதுவும் அதற்குக் காரணங்கள் என்று 2014ல் விசாரணைக் குழு கூறியது. ஒரு விபத்து, ஒரு கூட்டம், ஒரு கோபம்.

செய்தித் துறையில் இருக்கும் எங்களுக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது. ‘கலவரம்’ என்று சொல்வதற்கும் ‘இனக் கலவரம்’ என்று சொல்வதற்கும் நடுவில் மூன்றே மூன்று எழுத்துதான். அந்த மூன்று எழுத்தைத் தேவையில்லாத இடத்தில் போட்டால், மறுநாள் காலை மின்தூக்கியில் பக்கத்து வீட்டுக்காரரை நாம் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

அட்டையில் இருக்கும் ரேஸ்

இப்போது நம் பைக்குள் இருக்கும் அடையாள அட்டைக்கு வருவோம். பெயர், பிறந்த தேதி, பிறந்த நாடு, அவற்றோடு ‘ரேஸ்’.

இந்தத் தலைப்பு எப்போதும் இப்படி இருந்ததில்லை. ஆங்கிலேயர் காலத்து மலாயா, சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் தொடக்கத்தில் ‘நேஷனாலிட்டி’ என்றுதான் போட்டார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோதுதான் ‘ரேஸ்’ அந்த இடத்தைப் பிடித்தது. 1891 கணக்கெடுப்பில் நமக்கான தலைப்பு ‘தமிழர்களும் இந்தியாவின் ஏனைய மக்களும்’. அதாவது அன்று தமிழர் பெயர் தலைப்பிலேயே இருந்தது. பின்னாளில் எல்லாரும் ‘இந்தியர்’ என்ற ஒரே குடைக்குள் வந்தார்கள். இன்று அந்தக் குடைக்குள் தமிழரும் மலையாளியும் பஞ்சாபியரும் சிந்தியரும் குஜராத்தியரும் இருக்கிறார்கள். இலங்கை, பாகிஸ்தான், பங்ளாதேஷ் வம்சாவளியினரும் கணக்கெடுப்பில் அதே குடைதான். 2020 கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு, மற்றவர்கள் 3.2 விழுக்காடு.

இதில் நான் அடிக்கடி எண்ணி வியப்பது ஒன்று உண்டு. இனம், மொழி, சமயம் என்ற வேறுபாடு பாராட்டாமல் ஒன்றுபட்டு வாழ்வோம் என்று நம் பிள்ளைகள் காலைதோறும் எடுத்துக்கொள்ளும் பற்றுறுதியை 1966ல் வரைந்தவர் திரு எஸ். ராஜரத்தினம். 1915ல் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். இலங்கையில் பிறந்த ஒருவர், மலாயாவில் வளர்ந்தவர், லண்டனில் படித்தவர், சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். அவரை எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது? அதனால்தானோ என்னவோ, அந்தக் கட்டத்தைத் தாண்டிப் போகும் வாக்கியத்தை அவரால் எழுத முடிந்தது.

ஆனால் கட்டத்தால் பயனே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். 1989 மார்ச்சில் வீவக வீடுகளுக்கு இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் உச்சவரம்பு. அதனால் என் மாடியில் சீனர் வீட்டு ஊதுபத்தியும் மலாய்க்காரர் வீட்டு ரெண்டாங்கும் எங்கள் வீட்டு சாம்பாரும் ஒரே காற்றில் கலக்கின்றன. இன்னொரு பக்கம், வரம்பு நிறைந்த புளோக்கில் இந்தியர் ஒருவர் வீட்டை விற்கப் போனால் வேறு இனத்தவருக்கு விற்க முடியாமல் தவிப்பதும் உண்டு. நன்மைக்கு விலை உண்டு, அந்த விலையை எல்லாரும் சமமாகக் கொடுப்பதில்லை. இதையும் பேசவேண்டும்.

சட்டம் எட்டாத இடமும் இருக்கிறது. திருமணமான புதிதில் நானும் கணவரும் வாடகைக்கு ஓர் அறை தேடினோம். முகவர் ஒருவரை அழைத்தேன். எத்தனை பேர், எப்போது குடிவருவீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். முதல் கேள்வியே, “என்ன ரேஸ்?” என் வாயில் என்ன வந்ததோ, “ஓடுவதற்கா, இருப்பதற்கா?” என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. உரிமையாளர் இந்தியருக்குக் கொடுக்கமாட்டாராம், சமையல் வாசனையாம். என் கணவர் சீனர் என்றேன். சற்று நேரம் அமைதி. “அப்படியென்றால் கேட்டுப் பார்க்கிறேன்” என்றார். அந்த அறை எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

இந்த நிலைமை நாட்டுக்குத் தெரியாமல் இல்லை. 2025 பிப்ரவரி 4ஆம் தேதி நாடாளுமன்றம் இன நல்லிணக்கத்தைக் காக்கத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. சட்டம் வெறுப்புப் பேச்சைத் தடுக்கலாம், தண்டிக்கலாம். ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பின் முதல் கேள்வியை மாற்றுவது சட்டத்தால் மட்டும் ஆகுமா?

அரசியலிலும் இந்தச் சொல் விளையாடியிருக்கிறது. 2017ல் அதிபர் தேர்தல் மலாய் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்டது. திருவாட்டி ஹலிமா யாக்கோப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆங்கிலத்தில் சொன்னால், ஒரு ரேஸ் இருந்தது, இன்னொரு ரேஸ் இல்லை! 2023ல் எல்லா இனத்தாருக்கும் திறந்த தேர்தல். சீனர் இருவரை எதிர்த்து நின்ற திரு தர்மன் சண்முகரத்தினம் 70.4 விழுக்காடு வாக்குகளோடு வென்றார். அந்த முறை ஒரு ரேஸ் மட்டும் ஓடியது, மற்ற ரேஸை மக்கள் பெரிதாக எண்ணவில்லை. அது நமக்கு நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் அதிபர் மாளிகைக்கு ஒருவரை மனதார அனுப்பும் அதே நாட்டில்தான், வாடகை அறைக்கு இன்னொருவரை வேண்டாம் என்கிறார்கள். இரண்டும் உண்மை.

கோட்டுக்கு முன்னும் பின்னும்

எங்கள் மகள் பிறந்தபோது இந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பிறப்பைப் பதிவு செய்ய 42 நாள் அவகாசம். 2011 ஜனவரியிலிருந்து கலப்புத் திருமணத்தில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இரட்டை இனம் பதிவு செய்யலாம். நடுவில் ஒரு சிறிய கோடு. ‘இந்தியர்-சீனர்’ அல்லது ‘சீனர்-இந்தியர்’. முன்னால் இருப்பதுதான் வீவக வீட்டுக் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

எங்கள் அப்பா கேட்டார், “ஏம்மா, முன்னால எது வருது?” என் மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று வழக்கத்தைவிட அதிகமாகச் சமைத்தார். அவர் மனத்தில் ஏதோ இருந்தால் சமையலறையில் தெரிந்துவிடும். குழந்தைக்கு நாங்கள் வைத்த பெயரைப் பற்றி இரண்டு வீட்டிலும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தச் சிறிய கோட்டைப் பற்றித்தான் மூன்று வாரம் பேச்சு.

என் கணவர்தான் முடித்துவைத்தார். “வெளியே எல்லா இடத்திலும் சீனம் இருக்கிறது. தமிழுக்குத்தான் இடம் குறைவு. அட்டையிலாவது முன்னால் இருக்கட்டும்” என்றார். ‘இந்தியர்-சீனர்’ என்று பதிவு செய்தோம். அப்பா பெருமைப்பட்டார். மாமியார் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு, “ஆ மாவுக்கு நீ எல்லாம்தான்” என்று சொன்னார்.

மகளுக்கு இப்போது ஆறு வயது. ஓட்டப்பந்தயம் என்றால் உயிர். ஒருநாள் பிறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படித்தவள் கேட்டாள்:

“அம்மா, இது என்ன ரேஸ்?”

“நீ யாருன்னு எழுதியிருக்கும்மா. இந்தியர், சீனர், ரெண்டும்.”

“இந்தியர்தான் முதல்ல இருக்கு. அப்போ இந்தியர் ஜெயிச்சுட்டாங்களா? ஆ மா தோத்துட்டாங்களா?”

அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரேஸ். முதலில் வருபவர் வெல்வார், அடுத்து வருபவர் தோற்பார். அவள் பொருளை மாற்றிப் புரிந்துகொண்டாள் என்று நான் சிரித்திருக்கலாம். சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், மூன்று வாரம் அந்தக் கோட்டுக்கு முன்னால் எது என்று பேசிக்கொண்டிருந்த பெரியவர்கள் நாங்களும் அதைப் பந்தயமாகத்தானே நினைத்தோம்?

இங்கேதான் இந்தச் சொல்லின் ஆபத்து இருக்கிறது. அகராதியில் தனித்தனியாக இருக்கும் இரண்டு ‘ரேஸும்’ நம் மனத்தில் ஒட்டிக்கொள்கின்றன. எந்த இனத்துப் பிள்ளைகள் கணக்கில் முன்னால், எந்த இனத்துக்கு எத்தனை அமைச்சர், எந்த மொழி பலகையில் மேலே, எந்த மொழி கீழே என்று இனத்தைப் பேசத் தொடங்கும்போதே பந்தயத்தையும் பேசத் தொடங்கிவிடுகிறோம். ஓடுகிற ரேஸில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்கத்தான் வேண்டும். இருக்கிற ரேஸில் அப்படி ஒரு விதியே கிடையாது. சீனர் நன்றாக இருப்பதால் தமிழர் தோற்பதில்லை. தமிழ் பிழையின்றிப் பலகையில் இருப்பதால் மலாய் தேய்ந்துபோவதில்லை.

மகளிடம் என்ன சொன்னேன்? “இது ஓடுற ரேஸ் இல்லைம்மா. இது வேர். உனக்கு ரெண்டு பக்கமும் வேர் இருக்கு” என்றேன். இஞ்சிக்கடை ‘ரேஸ்’ அன்று எனக்குக் கைகொடுத்தது. இஞ்சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் முன், பின் கிடையாது. எந்தப் பக்கமும் முளைக்கும்.

நம் சொல்லுக்கும் பொருள் பல

ஆங்கிலச் சொல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ‘இனம்’ என்ற நம் சொல்லுக்கு ஒரே பொருள்தானா? இல்லவே இல்லை. உயிரினம் என்கிறோம், செலவினம் என்கிறோம். ஒன்றைச் சரியாக அடையாளம் காண்பதை இனங்காணுதல் என்கிறோம். பாரதியார் ‘தமிழ்ச் சாதி’ என்று ஒரு கவிதைக்குப் பெயர் வைத்தார். அங்கே சாதி என்றால் குலம், கோத்திரம் அல்ல, தமிழ் மக்கள் எல்லாரும். நூறு ஆண்டுக்கு முன் ‘சாதி’ சுமந்த அந்தப் பொருளை இன்று ‘இனம்’ சுமக்கிறது. சொற்களும் வீடு மாறுகின்றன.

இன்னும் பின்னால் போவோம். திருக்குறளின் 46ஆவது அதிகாரம் ‘சிற்றினம் சேராமை’. இங்கே இனம் என்றால் பிறப்பால் வந்த கூட்டம் அல்ல. நாம் சேர்ந்து பழகும் கூட்டம். ஒருவருடைய அறிவும் மனத்தின் தூய்மையும் அவர் யாரோடு சேர்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதுதான் அந்த அதிகாரத்தின் சாரம். வள்ளுவர் கையில் இனம் என்பது நாம் தேர்ந்தெடுப்பது. படிவத்தில் தானாக விழும் கட்டம் அல்ல.

இலக்கணத்துக்கு வாருங்கள். தமிழ் வகுப்பில் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மெய்யெழுத்துகள் மூன்று இனம்: வல்லினம், மெல்லினம், இடையினம். க வல்லினம், ங மெல்லினம். இரண்டும் வேறு வேறு இனம். ஒன்று வலிய ஓசை, மற்றொன்று மெல்லிய ஓசை. ஆனால் அதே இலக்கணம் இன்னொன்றையும் சொல்கிறது. க-வும் ங-வும் ஒன்றுக்கொன்று இன எழுத்துகள். ஏன்? ஓசை வேறாக இருந்தாலும் அவை வாய்க்குள் ஒரே இடத்தில் பிறக்கின்றன. சொல்லில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இனம் வேறு, ஆனாலும் இன எழுத்து! நம் இலக்கண ஆசிரியர்கள் ஒரே சொல்லை இரண்டு விதமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், குழப்பமே இல்லை. ஒன்று, ஒலி எப்படி என்பதைச் சொல்கிறது. மற்றொன்று, யாரோடு சேர்ந்து நிற்கும் என்பதைச் சொல்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பிள்ளைகள் “என்ன ரேஸ்?” என்று கேட்டால், கேட்காதே என்று அடக்காதீர்கள். எந்த ரேஸைப் பற்றிக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேளுங்கள். ஓடுவதா, இருப்பதா, வேரா? பிரித்துக் காட்டுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பந்தயத்தில் தோற்கடிக்கலாம், அது திடலில். வீட்டு வாசலில் அவன் போட்டியாளன் அல்ல என்று சொல்லிக்கொடுங்கள். வீட்டை வாடகைக்குக் கொடுப்பவராக இருந்தால், தொலைபேசியில் முதல் கேள்வியாக வேறு ஒன்றைக் கேளுங்கள். எங்களைப்போல் ஒலிவாங்கி முன் அமர்பவர்களும், அந்த மூன்று எழுத்தைத் தேவையான இடத்தில் மட்டும் பயன்படுத்துவோம்.

கடைசியாக ஒன்று. நான் சொன்ன ங, க என்ற அந்த இரண்டு இன எழுத்துகளையும் தேடி நீங்கள் நன்னூலைப் புரட்ட வேண்டியதில்லை. நம் நாட்டின் பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள். சிங்கப்பூர். நடுவில் மெல்லினமும் வல்லினமும் தோளோடு தோள் சேர்ந்து நிற்கின்றன. எதை எடுத்தாலும் பெயர் கெட்டுவிடும்.